தென்னேரி நிரம்பியதாக மதகில் வந்த செய்தி

1

எழுதிப் பழகாத கை இது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒரு வரி நேராகப் போனால் அடுத்த வரி மேட்டில் ஏறுகிறது, சொல்ல வந்தது பாதியில் மறந்துபோகிறது. முன்னது பின்னதாக இருந்தால் படிக்கிறவர்கள் மனசு வைத்துச் சரியாக்கிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் வாய் திறந்து பேச வராது எனக்கு. காகிதத்தில் என்றால் முகம் பார்க்க வேண்டியதில்லை, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் வடக்குப் பக்கம், ஆடு மேயும் குன்றுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில் மகன் சேகர் வீட்டில் இருக்கிறேன். அவன் இங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரே வாரத்தில் என்னிடம் இரண்டு பேர் கையெழுத்துக் கேட்டார்கள்.

ஒருத்தி பக்கத்து வீட்டு டோரத்தி. என்னைப் போல அவளும் புருஷனை இழந்தவள். கையில் அட்டை, அதன்மேல் ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்ட தாள். அவள் பேசுவது எனக்குப் பாதி புரியாது. பேத்தி மீனா எடுத்துச் சொன்னாள்.

"ஆயா, நம்ம ஊர் பேப்பரை லண்டன் கம்பெனி வாங்கப் போகுதாம். அவங்ககிட்ட ஏற்கெனவே நிறைய பேப்பர் இருக்கு. மினிஸ்டர் ஓகே சொன்னாத்தான் வாங்க முடியும். அதான் வேணாம்னு எல்லாரும் சைன் பண்றாங்க."

நம்ம ஊர் என்றாள். அவளுக்கு இதுதான் நம்ம ஊர். இருக்கட்டும். நான் டோரத்தியைப் பார்த்து, "ஐ ஆல்சோ பேப்பர் ஓனர்" என்றேன். அவள் ஏதோ தமாஷ் என்று நினைத்துச் சிரித்து என் தோளைத் தட்டினாள். மீனாவும் சிரித்தாள். நான் சொன்னது நிஜம்.

இன்னொருவன் என் கூடப்பிறந்த தம்பி ஏகாம்பரம். அவன் அனுப்பிய உறை அதே வாரம் வந்தது.

2

எழுபதுகளின் ஆரம்பத்தில் உத்திரமேரூரில் 'மதகு' என்று ஒரு வாரப் பத்திரிகை வந்தது நினைவிருக்கிறதா? நாலு பக்கம். வெள்ளிக்கிழமை காலையில் பஜாரில் காதர் பாய் கடை வாசலில் கயிற்றில் தொங்கும். எந்த ஏரியில் எவ்வளவு தண்ணீர், எந்த மதகை என்றைக்குத் திறக்கிறார்கள், நெல் என்ன விலை, எந்த பஸ் நின்றுபோனது, யார் வீட்டு மாடு காணாமல் போனது, எல்லாம் அதில் இருக்கும்.

அதை ஆரம்பித்தவர் என் வீட்டுக்காரர். சர்க்கார் பள்ளிக்கூடத்து வாத்தியார். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர் தன் பேரில் பத்திரிகை நடத்தக் கூடாது. அதனால் என் பேரில் வைத்தார். இந்தியாவில் பத்திரிகை போடுகிறவர்கள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் போய், இது எங்கே அச்சாகிறது, யார் வெளியிடுகிறார்கள், யாருக்குச் சொந்தம் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். அப்போது நம்முடையது செங்கல்பட்டு ஜில்லா. மாஜிஸ்ட்ரேட் உட்காரும் கச்சேரி காஞ்சிபுரத்தில்.

அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தம்பி மட்டும் என்னோடு உள்ளே வந்தான். மாஜிஸ்ட்ரேட் சின்ன வயசு, கண்ணாடி போட்டவர்.

"பேர்?"

"பட்டம்மாளுங்க."

"கணவர் பேர்?"

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் சொல்ல வாயெடுத்தான். "நீ இருப்பா, அந்தம்மாதான் சொல்லணும்" என்றார் அவர். என் வீட்டுக்காரர் பேரை நான் சொன்னதே இல்லை. எங்கள் பக்கம் பெண்கள் சொல்ல மாட்டார்கள், அந்தக் காலத்தில்.

"திருப்புட்குழி பெருமாளு பேருங்க."

"பெருமாள்னே எழுதலாமா?"

"இல்லீங்க. அந்தப் பெருமாளுக்கு இன்னா பேரோ அந்தப் பேரு."

பக்கத்திலிருந்த கிளார்க் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "விஜயராகவன் சார்" என்றார். மாஜிஸ்ட்ரேட்டும் சிரித்து எழுதிக்கொண்டார். "ஓனரம்மா, நாளைக்கு உங்க பத்திரிகைல இன்னா வந்தாலும் நீங்கதான் பதில் சொல்லணும், தெரியுதா?" என்றார். தெரியும் என்று தலையாட்டினேன்.

வெளியே வந்ததும் தம்பி, "மாமா, உம் பேரைச் சொல்லச் சொன்னா இது கோயிலுக்கு வழி சொல்லிக்கினு நிக்குது" என்றான். அவர் அன்றைக்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார்.

3

சட்டத்தில் இன்னொன்று உண்டு. வருஷா வருஷம் மார்ச் மாதம் வரும் முதல் இதழில், அச்சிடுபவர் யார், வெளியிடுபவர் யார், ஆசிரியர் யார், சொந்தக்காரர் யார் என்று பத்திரிகையிலேயே போட வேண்டும். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வரும். யாரும் படிக்க மாட்டார்கள். நான் படிப்பேன். உரிமையாளர்: வி. பட்டம்மாள். முதல் வருஷம் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, நான் பிறந்த தென்னேரிக்குப் போய் என் அம்மாவுக்குக் காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்தாள்.

எழுதியதெல்லாம் அவர்தான், ஆனால் பத்திரிகையில் அவர் பேர் எங்கும் இருக்காது. நானும் சொன்னதில்லை, மதகும் சொன்னதில்லை. என் பேர் மட்டும் இருக்கும்.

நான் எழுதவில்லை என்றாலும் எனக்கு ஒரு வேலை இருந்தது. அச்சுக் கோர்ப்பதற்குக் கொடுக்கும் முன்னால் ஒவ்வொரு செய்தியையும் எனக்குப் படித்துக் காட்டுவார். நான் வடை தட்டிக்கொண்டோ, அரிசி புடைத்துக்கொண்டோ கேட்பேன். புரியவில்லை என்றால் கை நின்றுவிடும். உடனே பென்சிலை எடுப்பார். ஒரு தடவை தென்னேரி ஏரி பற்றி எழுதியிருந்தார். முழுக் கொள்ளளவை எட்டியது, உபரி நீர் வெளியேறுகிறது என்று ஏதோ.

"இன்னாது அது?" என்றேன்.

"ஏரி ரொம்பிடுச்சின்னு அர்த்தம்."

"அத்த அப்டியே எழுதேன். கழுத்து மட்டும் குடிச்சிட்டு நிக்குதுன்னு எழுது."

"ஏரி இன்னா மாடா?"

"மாடு மாதிரிதான். நீ கரையில நின்னு பாத்துக்கீறியா? நா அங்க பொறந்தவ."

அப்படியே போட்டார். 'தென்னேரி கழுத்து மட்டும் குடித்துவிட்டு நிற்கிறது. கலங்கலில் தண்ணீர் வழிகிறது.' கலங்கல் என்றால் ஏரியின் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கல்கட்டு. அந்த வாரம் ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். என் வார்த்தை என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் அவருக்கும் தம்பிக்கும் மட்டும் தெரியும். அச்சுக் கோர்த்தவன் தம்பிதான்.

நெருக்கடி நிலை வந்தபோது, அச்சாகும் முன்பே பக்கத்தைக் கொண்டுபோய் அதிகாரியிடம் காட்ட வேண்டியிருந்தது. காலையில் நாஷ்டாகூடச் சாப்பிடாமல் பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் போவார். மாடு காணவில்லை என்பதைக்கூட அவர்கள் இரண்டு தடவை படித்தார்களாம். அதையும் தாண்டினோம். அதற்கப்புறம் ஒரு ஆடி மாதம், பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர் நெஞ்சு கரிக்கிறது என்று படுத்தார். எழுந்திருக்கவில்லை.

4

தம்பி பத்திரிகையை விடாமல் நடத்தினான். அதை நான் மறைக்கக் கூடாது. இரண்டு வருஷம் போல இழுத்துப் பார்த்தான். அப்புறம் ஒரு நாள் பட்டணத்திலிருந்து கம்பெனி ஆள் ஒருவரைக் கூட்டிவந்தான். தினசரி, சினிமாப் பத்திரிகை, மாதப் புத்தகம் என்று நிறைய நடத்தும் கம்பெனி. பேரை எழுத எனக்கு இஷ்டமில்லை.

அந்த ஆள் என் எதிரில் உட்காரவே இல்லை. தம்பிதான் சொன்னான். "யக்கா, மிசினு, மையி, ஆளு எல்லாம் அவங்க பாத்துக்குவாங்க. நம்ம ஊரு சேதி எப்பவும் போல வரும். நீ ஓனரு. உம் பேரு அப்டியே இருக்கும்."

"அவங்களே வாங்கிக்கலாமே. எம் பேரு இன்னாத்துக்கு?"

"ஒரே கையில அத்தினி பத்திரிகை இருந்தா கவர்மென்ட்டுல கேள்வி வரும். சின்னப் பத்திரிகைன்னா அச்சடிக்கிற காயிதத்த கவர்மென்ட்டே தனியா குடுக்குறான். அதுக்கோசரம் தனியா இருக்கணும். உனக்கு இன்னாக்கா பேஜாரு? மதகு வரணும், அவ்ளோதானே?"

மதகு வர வேண்டும். எனக்கு அவ்வளவுதான். எட்டு மாசக் குழந்தையாக இருந்தபோதிலிருந்து நான் தூக்கி வளர்த்த தம்பி. அவன் சொன்னால் நான் வேறு என்ன கேட்பேன்?

அப்புறம் சேகர் என்னை இங்கே அழைத்தான். வெளிநாட்டில் இருப்பவர் வெளியீட்டாளராக இருக்க முடியாது என்று சட்டம். சொந்தக்காரராக இருக்கலாம், ஆனால் வெளியிடுகிறவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுக்க வேண்டும். கிளம்பும் முன் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இங்கே வந்த பிறகு என் நாள் எப்படிப் போகிறது என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. எல்லாரும் போன பிறகு வீடு பூட்டியது போல இருக்கும். ஜன்னல் ஓரம் உட்காருவேன். விசா நீட்டிப்புக்காக ஒரு தடவை அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார்கள். தொழில் என்ன என்று கேட்டாள் அந்தப் பெண். சேகர் முந்திக்கொண்டு ஹவுஸ்வைஃப் என்றான். நான் அவன் சட்டையை இழுத்து, "பத்திரிகைன்னு சொல்லுடா" என்றேன். "சும்மா இரும்மா" என்றான்.

மாதத்துக்கு ஒரு முறை மதகு வரும். நாலு வாரத்து இதழ்களையும் சேர்த்துச் சுருட்டி, பழுப்பு நிறப் பட்டை ஒட்டித் தம்பி அனுப்புவான். அதைப் பிரிக்கும்போதே மை வாசனை வரும். ஒரே நாளில் படித்துத் தீர்த்துவிடக் கூடாது என்று பக்கம் பக்கமாக வைத்துப் படிப்பேன். ரொம்ப நன்றாக இருந்தது. இன்னும் சொன்னால், தம்பி அவரைப் போலவே எழுதப் பழகிவிட்டான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதே சின்னச் சின்ன வாக்கியம். அதே குசும்பு. படித்து முடித்த இதழ்களை மீனா தன் முயல் கூண்டில் விரிக்கக் கேட்பாள். நான் கொடுக்க மாட்டேன்.

ஒரு தை மாதம் வந்த இதழில் முதல் பக்கத்தில் இருந்தது. 'தென்னேரி கழுத்து மட்டும் குடித்துவிட்டு நிற்கிறது.' எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா சொன்னதை இன்னும் நினைவில் வைத்து எழுதியிருக்கிறானே என்று. சேகரைக் கூப்பிட்டுக் காட்டினேன். டோரத்திக்குக்கூடக் கையைக் கழுத்தில் வைத்துக் காட்டி, "மை வில்லேஜ் வாட்டர் ஃபுல்" என்றேன். தம்பிக்குக் கடிதம் போட்டேன்: ஏரி ரொம்பிடுச்சாமே, நம்ம கழனியில் இந்த வருஷம் இரண்டு போகமும் உண்டா என்று. பதில் வந்தது. ஆமாம் அக்கா, எல்லாம் சுபிட்சம் என்று.

5

தம்பியின் உறை வருவதற்கு முந்தின மாதம் காதர் பாய் இங்கே வந்தார். அதே பஜார்க் கடை காதர் பாய்தான். அவர் மகளைக் கட்டிய பையன் இங்கிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் ஒரு மில்லில் வேலை செய்கிறான். ஊர்க்காரம்மா ஒருத்தி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டுத் தேடி வந்தார். தொப்பிக்கு மேலே இங்கிலாந்துக் கம்பளிக் குல்லா ஒன்றை மாட்டியிருந்தார்.

"இன்னா வாத்தியாரம்மா, இந்தக் குளுருல எப்டி கீற நீயி? எனக்கு பல்லு ரெண்டும் மேளம் அடிக்குது."

"இருக்குறதே ரெண்டு பல்லுதானா பாய்?"

"மூணு இருந்துச்சி. ஒண்ணு ஏரோப்ளேன்ல போச்சி."

ரொம்ப நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். டீ கொடுத்தேன். பேச்சு வாக்கில், "பாய், இப்ப மதகு எப்டிப் போவுது? நல்லா விக்குதா?" என்று கேட்டேன்.

அவர் டீயை வைத்துவிட்டார்.

"எந்த மதகு?"

"இன்னா பாய், நம்ம மதகு. உங் கடையில தொங்குமே."

"அது நின்னு எத்தினி நாளாச்சி வாத்தியாரம்மா! நீ இந்தப் பக்கம் வந்த கொஞ்ச நாளைக்கெல்லாம் வர்றது நின்னுபோச்சி. நா கயித்தையே அவுத்துட்டேன்."

நான் உள்ளே போய் இதழ்களை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"இத்த எங்க விக்கிறான்?"

"ஊருல."

"ஊருல இல்லம்மா. நா பஜார்லதானே கீறேன்." இதழ்களை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னார். "பட்டணத்துல இப்டி பண்றாங்கன்னு சொல்லுவாங்க. பத்திரிகை நின்னுபோனா பதிவு போயிடும், காயிதமும் வராது. அதனால ஆபீசுக்குக் காட்ட விரல் விட்டு எண்ற மாதிரி நாலு காப்பி அடிச்சி வெச்சிடுவாங்களாம். உம் பேர்ல வர்ற காயிதத்துல கம்பெனிக்காரனோட பெரிய பத்திரிகை ஓடிக்கினு இருக்கும்."

எனக்கு அது சட்டென்று ஏறவில்லை. "சேதி வருதே பாய்? இத்தப் பாரு, தென்னேரி ரொம்பி நிக்குதுன்னு போட்டுக்கீறாங்க" என்று அந்தத் தை மாத இதழை எடுத்துக் காட்டினேன்.

அவர் தேதியைப் பார்த்தார். "அந்த வருஷமா? அல்லா! அந்த வருஷம் ஏரியில ஏதும்மா தண்ணி? மாடு கண்ணெல்லாம் வித்துட்டு ஜனங்க பட்டணத்துக்கு ஓடுச்சி. நா என் மச்சானப் பாக்க வாலாஜாபாத் தாண்டிப் போறப்ப தென்னேரி வழியாதான் போனேன். பசங்க ஏரி நடுவுல பம்பரம் வுட்டுக்கினு இருந்தானுங்க."

அப்போதுதான் புரிந்தது. கம்பெனிக்கு நாலு காப்பி அச்சடித்தால் போதும், செய்தி சேகரிக்க ஆள் வேண்டாம். பழைய மதகை எடுத்து அப்படியே திரும்பக் கோர்த்திருக்கிறார்கள். தம்பி அவரைப் போல எழுதவில்லை. அது அவரேதான். செத்துப்போனவர் எழுதியதை, நான் வடை தட்டிக்கொண்டு கேட்டதை, ஏதோ இன்றைக்கு ஊரில் நடப்பதாக நினைத்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வருஷக்கணக்கில் படித்திருக்கிறேன்.

போகும்போது பாய், "நா சொல்லியிருக்கக் கூடாது" என்றார். "நீ ஒருத்தன்தான் பாய் நெசத்தச் சொன்னே" என்றேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று அவருக்குப் புரிந்திருக்கும்.

6

சாயங்காலம் சேகரிடம் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவில்லை. காலுறையைக் கழற்றிக்கொண்டே, "மாமா முன்னாடியே எழுதியிருந்தார்மா" என்றான்.

"உனக்குத் தெரியுமா?"

"உனக்கு அது ஒண்ணுதான் சந்தோஷம். அதைப் போய் ஏன் கெடுக்கணும்?"

"அன்னைக்கி ஏரி ரொம்பிடுச்சின்னு உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேனே. அப்பவும் தெரியுமா?"

அவன் மீனாவைச் சாப்பிடக் கூப்பிட்டான்.

அதற்கப்புறம்தான் தம்பியின் உறை வந்தது. அச்சகத்தைப் பட்டணத்துக்கே மாற்றுகிறார்களாம். இடம் மாறினால் மாஜிஸ்ட்ரேட் முன்னால் புதிதாக உறுதிமொழி கொடுக்க வேண்டும், அதற்குச் சொந்தக்காரியின் அதிகாரம் புதிதாக வேண்டும். பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தான், இங்கே கையெழுத்துப் போடு என்று. சேகரை நச்சரித்து அவனுக்கு டெலிபோன் போட்டேன். கம்பெனி ஆபீசில்தான் கிடைத்தான், இப்போது அங்கேதான் அவனுக்கு வேலை. அவ்வளவு தூரத்திலிருந்து குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல வந்தது.

"யக்கா! நல்லா கீறியா? காயிதம் வந்துச்சா?"

"ஏகாம்பரம், தென்னேரியில அந்த வருஷம் தண்ணி இருந்துச்சா?"

"இன்னாக்கா?"

"தண்ணி இருந்துச்சாடா?"

"யாரு சொன்னா உனக்கு?"

"நீ சொல்லு."

"யக்கா, உனக்கோசரந்தான் அடிச்சேன். அவனுங்க சினிமா சேதியத் திணிச்சி ரொப்பச் சொன்னானுங்க. நாந்தான் மாமா எழுதினதப் போடுவோம்னு சொன்னேன். மாமா எழுத்து அச்சுல நிக்குது. உனக்கு அது சந்தோஷம் இல்லையா?"

"அவரு எழுதினப்ப அது நெசம்டா."

"யக்கா, கையெழுத்து போடலன்னா எம் பொழப்பு போயிடும்."

நான் வைத்துவிட்டேன். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இந்த வயசில் வேலையை விட்டு அவன் எங்கே போவான் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் உங்கள் பத்திரிகையில் என்ன வந்தாலும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அன்றைக்குக் கச்சேரியில் கேட்டபோது தலையாட்டியவள் நான். பஞ்சத்தில் மாட்டை விற்றவனைப் பார்த்து, உன் ஏரி கழுத்து மட்டும் நிற்கிறது என்று என் பேரில் அச்சடித்திருக்கிறார்கள். அந்த ஊரில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை என்பது எனக்கு ஆறுதலாகவும் இல்லை.

7

டோரத்தியின் தாளில் கையெழுத்துப் போட்டேன். தமிழில்தான் போட வரும். அவள் அதைச் சாய்த்து வைத்துப் பார்த்து, "ப்யூட்டிஃபுல்" என்றாள். இந்த ஊரில் மந்திரி என்ன சொல்வாரோ தெரியாது. சட்டம் இங்கேயும் இருக்கிறது, அங்கேயும் இருந்தது. அங்கே சட்டம் கேட்டது ஒரு பேர்தான், அதை நான் கொடுத்தேன்.

தம்பியின் தாளில் போடவில்லை. இனி போடவும் மாட்டேன், அது முடிந்த பேச்சு. மதகுக்கு நான் சொந்தக்காரி இல்லை, என் பேரை எடுத்துவிடுங்கள் என்று மாஜிஸ்ட்ரேட்டுக்கு எழுதினேன். சேகர் தபாலில் போட மறுத்தான், மாமாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று. மீனாதான் என்னைத் தபாலாபீசுக்குக் கூட்டிப் போனாள். பதில் வரவில்லை. மார்ச் பிறந்துவிட்டது. பொடி எழுத்தில் என் பேர் இந்த வருஷமும் வந்ததா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை, தம்பி இப்போது இதழ் அனுப்புவதை நிறுத்திவிட்டான். எங்காவது ஒரு பிரதி யார் கண்ணிலாவது பட்டால் கடைசிப் பக்கத்தின் அடியைப் பாருங்கள்.

இதில் வருஷம், மாதம் எல்லாம் நான் பிசகியிருக்கலாம். காதர் பாய்க்கும் வயசாகிவிட்டது. மறதியில் அவர் வேறொரு வருஷத்தைச் சொல்லியிருக்கலாம். தம்பியும் டெலிபோனில், தண்ணீர் இருந்தது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தென்னேரிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், ஊரில் பெரியவர்களை ஒரு வார்த்தை கேட்டுச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். பஞ்சம் என்று எல்லாரும் சொல்லும் அந்த வருஷம் தை மாதம், கரையோரமாகவாவது, ஏரியில் கொஞ்சம் தண்ணீர் இருந்ததா?